நிலம் வாங்க ஆள் தேடுவது எப்படி? ஜெலுபுவில் தரகுத் தொழிலுக்கு வர நினைக்கும் நம்மவர்களுக்கு

கோலா கிளாவாங், பெர்தாங், தித்தி, சிம்பாங் டுரியான் வட்டாரத்தில் நிலம் விற்க ஆள் கிடைப்பது பெரிய சிரமமில்லை. பிள்ளைகள் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் தங்கிவிட்டார்கள், பெரியவர்களுக்கு ரப்பர் வெட்ட முடியவில்லை, அப்பா விட்டுச் சென்ற மூன்று ஏக்கரில் காடு மண்டிவிட்டது. இப்படி ஏதோ ஒரு காரணம். வாங்க ஆள் கிடைப்பதுதான் சிரமம். அந்த இடைவெளியில் வருமானம் பார்க்கலாம் என்று இப்போது நம் இளைஞர்கள் பலர் இறங்குகிறார்கள். யூடியூப்பில் ‘ஹோல்சேலிங்’ என்ற பெயரில் ஓடும் அமெரிக்க வகுப்புகள் அவர்களுக்குப் பாடப்புத்தகமாகிவிட்டன.

அந்த வகுப்புகளில் சொல்லும் முறை சுலபமானது. விற்பவரிடம் ஒரு விலைக்கு ஒப்பந்தம் போட வேண்டும். பத்திரம் கைமாறுவதற்கு முன்பே அதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்க ஒருவரைப் பிடிக்க வேண்டும். ஒப்பந்த உரிமையை அவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்தப் பணம் தேவையில்லை என்பதுதான் இதன் கவர்ச்சி. வாங்குபவர் பட்டியல் கையில் இருந்தால் போதும் என்கிறார்கள்.

இதை அப்படியே ஜெலுபுவுக்குக் கொண்டுவந்தால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். உரிமையாளர் 240,000 வெள்ளி கேட்கிறார், 260,000 வெள்ளிக்கு வாங்க உங்களிடம் ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் லாபம் 20,000 வெள்ளி. வாங்குபவரின் வழக்கறிஞரோ வங்கியோ உங்கள் பெயருக்கு முதலில் நிலம் மாறட்டும் என்று சொன்னால், 240,000 வெள்ளிக்கான பெயர் மாற்ற முத்திரை வரி உங்கள் தலையில் விழும். முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 140,000 வெள்ளிக்கு 2 விழுக்காடு, ஆக 3,800 வெள்ளி. வாங்கும்போது வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காட்டில் 3,000 வெள்ளி. விற்கும்போது உங்கள் தரப்பு வழக்கறிஞருக்கு 3,250 வெள்ளி. மிஞ்சுவது 9,950 வெள்ளி. சேவை வரி, சில்லறைச் செலவுகள் தனி. 240,000 வெள்ளியை எங்கிருந்து புரட்டுவது என்பது வேறு கேள்வி.

வரியும் உண்டு. சொத்து லாப வரியில் குடிமகன் ஒருவர் வாங்கிய 3 ஆண்டுக்குள் விற்றால் விகிதம் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. அதன் பிறகுதான் வரியில்லை. தனிநபருக்கு 10,000 வெள்ளி அல்லது லாபத்தில் 10 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது விலக்கு என்பதால் மேலே சொன்ன கணக்கு தப்பிக்கிறது. ஆனால் இதையே தொழிலாக அடிக்கடி செய்தால் உள்நாட்டு வருமான வரி வாரியம் அதை வியாபார வருமானமாகப் பார்க்கலாம். பெயர் மாறாமல் ஒப்பந்த உரிமையை மட்டும் விற்றேன், நிலமே விற்கவில்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. நிலத்தின் மீதான உரிமையும் அந்தச் சட்டத்தில் சொத்துதான்.

வாங்குபவர் கடைசி நேரத்தில் கை விரித்தால் இன்னும் மோசம். விற்பனை ஒப்பந்தத்தில் வழக்கமாகக் கட்டும் 10 விழுக்காட்டு முன்பணம், அதாவது 24,000 வெள்ளி, போய்விடும். மீதியைக் கட்டப் பொதுவாகக் கிடைப்பது மூன்று மாதம், அதற்குமேல் வட்டியோடு ஒரு மாதம். ஆள் தேடத் தொடங்கும் முன்பே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

முதலில் சட்டம்

ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இல்லாமல் இன்னொருவரின் நிலத்துக்கு ஆள் தேடினால், அதற்கு இந்நாட்டில் ஒரே பெயர்தான்: சொத்துடைமை முகவர் தொழில். 1981ஆம் ஆண்டுச் சட்டம், நம்மவர்கள் ‘ஆக்டா 242’ என்று சொல்வது, பதிவு பெறாதவர் இதைச் செய்யக் கூடாது என்கிறது. நிலம் விற்பனைக்கு இருக்கிறது என்று விளம்பரப்படுத்துவதே இதில் அடங்கும். ஃபேஸ்புக்கில் படம் போட்டு ‘பிஎம் பண்ணுங்கள்’ என்று எழுதுவதும் இதில் சேரும். தண்டனை 300,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பேசிய கமிஷனை உரிமையாளர் கொடுக்காமல் விட்டால் நீதிமன்றம் போயும் வாங்க முடியாது.

‘காலங்காலமாக எங்கள் மாமா புரோக்கர் வேலைதான் பார்த்தார்’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர் காலத்தில் பிடிபடாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

நேர்வழி கடினமானது அல்ல. பதிவு பெற்ற சொத்து முகவர் நிறுவனம் ஒன்றின் கீழ் ‘ரென்’ எனப்படும் சொத்துப் பேச்சாளராகச் சேரலாம். இரண்டு நாள் சான்றிதழ் பயிற்சி முடித்தால் நிறுவனத்தின் வழி எண்ணும் அடையாள அட்டையும் கிடைக்கும். அந்த எண்ணை ‘லெம்பாகா பெனிலாய்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வாரியத்தின் இணையப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். விற்பனைக்கான கட்டணத்தின் உச்சவரம்பு 3 விழுக்காடு. 240,000 வெள்ளி நிலத்துக்கு 7,200 வெள்ளி. அது நிறுவனத்துக்கு வரும், உங்கள் பங்கு நிறுவனத்தோடு பேசியபடி. மேலே ஹோல்சேல் கணக்கில் மிஞ்சிய 9,950 வெள்ளியையும் அதற்காக எடுத்த ஆபத்தையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே இருந்து, அதில் ‘நியமனதாரர்’ பெயருக்கு மாற்றலாம் என்ற வாசகமும் இருந்தால், உங்கள் உரிமையை நீங்கள் விற்பதாகச் சொல்லலாம். அந்த வாசகத்தை வழக்கறிஞர் எழுத வேண்டும், விற்பவருக்கும் அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கப்போவதாக நினைத்து விலை குறைத்த ஒரு பாட்டிக்கு, மறுவாரம் வேறொருவர் கூடுதல் விலை கொடுத்தது தெரியவந்தால் ஊரில் உங்கள் பெயர் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டம் துண்டாடப்பட்ட காலம்

மொத்தமாகப் பிடித்துச் சில்லறையாக விற்கும் இந்த வியாபாரம் தோட்டத் தமிழர்களுக்குப் புதியதல்ல. அன்று நாம் வேறு பக்கத்தில் நின்றோம். 1950களில், நாடு விடுதலை பெறுவதை ஒட்டி, பிரிட்டிஷ் நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களைக் கைமாற்றின. வாங்கிய கூட்டுக்குழுக்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றன. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான இந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1962இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வெளிவந்த அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ‘துண்டாடல்’ என்ற சொல்லே அந்த நாள்களில் தோட்டத்து வீடுகளில் பயத்தோடு உச்சரிக்கப்பட்ட சொல். லயத்து வீடும் வேலையும் ஒரே நாளில் போகும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

தொழிலாளர்களே வாங்குபவர்களாக இருக்க முடியும் என்று அப்போது யோசித்தவர் துன் வீ. தி. சம்பந்தன். 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. தரகுத் தொழிலின் கண்ணோடு பார்த்தால் இது வாங்குபவரைக் கண்டுபிடித்த கதைதான். பணம் இல்லாதவர்கள் என்று எல்லாரும் ஒதுக்கி வைத்தவர்களிடமே வாங்கும் சக்தி இருந்தது, ஒன்றுசேர்க்க ஆள்தான் வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தின் வடு சட்டத்திலும் இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 214ஏ பிரிவின்படி, ஒன்றையொன்று ஒட்டிய 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். ‘எஸ்டேட்டையே ஒருவர் விற்கிறார், லாட் போட்டு விற்றுவிடலாம்’ என்று யாராவது உங்களிடம் வந்தால், முதல் கேள்வி அந்த அனுமதி பற்றியதாக இருக்கட்டும்.

நிலம்தான் வாங்குபவரைத் தீர்மானிக்கிறது

ஜெலுபுவில் ஆள் தேடக் கிளம்புபவர் முதலில் போக வேண்டிய இடம் கோலா கிளாவாங்கில் இருக்கும் மாவட்ட நில அலுவலகம். லாட் எண்ணோ கிராண்டு எண்ணோ தெரிந்தால், கட்டணம் கட்டி ‘சாரியான்’ எடுக்க யாருக்கும் உரிமை உண்டு. உரிமையாளர் கையில் இருக்கும் பழைய நகலை நம்பிப் புறப்படக் கூடாது. அதற்குப் பிறகு அடமானம் வைத்திருக்கலாம், யாராவது காவியட் போட்டிருக்கலாம், உரிமையாளரே காலமாகியிருக்கலாம்.

சாரியான் தாளில் வாங்குபவர் வட்டம் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்துவிடும்.

மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று இருந்தால் மலாய்க்காரர் அல்லாதவருக்கு அதை விற்க முடியாது. வாடகை, நீண்டகாலக் குத்தகை, பவர் ஆஃப் அட்டர்னி என்று சுற்றி வளைத்து நம்மவருக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த யோசனையைக் கேட்டுப் பணம் போட்டவர் கடைசியில் சட்டப்படி ஒன்றும் இல்லாமல் நிற்பார்.

ஆடாட் நிலம் இன்னும் குறுகலானது. நெகிரி செம்பிலானின் நான்கு உண்டாங்குகளில் ஒருவர் ஜெலுபு லுவாக்கின் உண்டாங். ஆடாட் பெர்பத்தே இங்கே நடைமுறையில் இருக்கும் வழக்கம். அந்த வழக்கப்படி பதிவான மரபு நிலம் தாய்வழியாகப் பெண்களுக்குச் செல்வது, அந்த லுவாக்கின் சுக்குகளைச் சேர்ந்த பெண்களுக்கு வெளியே போகாது. கோலா கிளாவாங்கில் ஆடாட் அருங்காட்சியகமே இருக்கிறது. தொழிலுக்கு வருபவர் ஒரு மத்தியானம் அங்கே செலவிட்டால் வீண் அலைச்சல் பல மிச்சமாகும்.

பெல்டா குடியேற்ற நிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு. பாசோ பக்கம் செம்பனை நன்றாக இருக்கிறதே என்று பேசத் தொடங்கும் முன் அதை நினைவில் வையுங்கள், அவற்றை விருப்பம்போல் பிரித்து விற்க முடியாது.

இவை எதுவும் இல்லாமல் இருந்தாலும் ‘செக்காத்தான் கெப்பெந்திங்கான்’ என்ற பகுதியைப் படியுங்கள். மாநில அரசின் அனுமதியின்றிப் பெயர் மாற்றக் கூடாது என்று எழுதியிருந்தால், வாங்குபவரிடம் மூன்று மாதத்தில் முடியும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குத்தகை நிலமென்றால் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். பெயரில் நான்கு பேர் இருந்தால் நால்வரின் கையெழுத்தும் வேண்டும். அண்ணன் மட்டும் விற்கச் சம்மதித்து, ஜொகூரில் இருக்கும் தங்கை மறுத்த நிலங்கள் எல்லா ஊரிலும் உண்டு. இறந்தவர் பெயரிலேயே இருந்தால், பிள்ளைகள் முதலில் நில அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ வாரிசுரிமையை முடித்துக்கொண்டு வர வேண்டும். அதுவரை உங்களுக்கு விற்கச் சரக்கே இல்லை.

வாங்குபவர்கள் எங்கே இருக்கிறார்கள்

கோலா கிளாவாங் பட்டணத்துக்குள் தேடினால் சீக்கிரம் சோர்ந்துவிடுவீர்கள். வாங்குபவர் பெரும்பாலும் மலையைத் தாண்டி வருகிறார். ஒன்று புக்கிட் தங்கா வழியாகச் சிரம்பானிலிருந்து, இல்லையென்றால் தித்தி, கெந்திங் பெராஸ் வழியாக உலு லங்காட்டிலிருந்து. இரண்டாவது பாதையைப் பல புதிய தரகர்கள் மறந்துவிடுகிறார்கள். காஜாங், செராஸ் ஆள்கள் வாரக் கடைசியில் ஓட்டிவரும் தூரம்தான் அது.

ஆனால் முதலில் பேச வேண்டியவர் அவரல்ல, பக்கத்து நிலத்துக்காரர். ஏற்கெனவே பாதை, தண்ணீர், ஆள் எல்லாம் வைத்திருக்கும் அவருக்குத்தான் அந்த மூன்று ஏக்கர் அதிகப் பயன். பக்கத்து லாட்டுகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு சாரியான் எடுத்தால் உரிமையாளர் பெயர் தெரியும். ஒரு லாட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் இருப்பார்கள். இந்த வேலைக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

அடுத்தது, நிலத்தில் பணம் புரட்டுபவர்களைத் தெரிந்த ஆள்கள். செம்பனைக் குலை வாங்கும் வியாபாரி, ரப்பர்ப் பால் வாங்கும் கடைக்காரர், டுரியான் பருவத்தில் லோரி நிறுத்தி மொத்தமாக எடுக்கும் தவுக்கே, மண் தள்ளும் இயந்திரம் வைத்திருப்பவர், நில அளவையாளர். யார் விரிவாக்கத் திட்டம் வைத்திருக்கிறார், யாருக்கு இந்த ஆண்டு கையில் காசு இருக்கிறது என்பது இவர்களுக்குத் தெரியும். தித்தியில் ஒரு கோப்பித்தியாம் மேசையில் கிடைக்கும் தகவல் இணையத்தில் கிடைக்காது. அங்கே பேச மலாய் போதும், நாலு வார்த்தை ஹக்கா தெரிந்தால் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

மூன்றாவது, ஏலம். வங்கியும் நீதிமன்றமும் நில அலுவலகமும் நடத்தும் லெலோங்குக்கு வருபவர்கள் முன்பணத்துக்கு வங்கி டிராஃப்டோடு வருகிறார்கள். அதாவது பணம் தயார். விவசாய நிலத்துக்கு வீட்டுக்குப்போல வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், ரொக்கம் வைத்திருக்கும் வாங்குபவரே இந்த வட்டாரத்தில் உண்மையான வாங்குபவர். ஏலத்தில் தோற்றுப்போனவரிடம் வெளியே வரும்போது பேசுங்கள். ஜெயித்தவர் அன்று வாங்கி முடித்துவிட்டார், தோற்றவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

முடாஹ், ஐபுரோப்பர்ட்டி போன்ற தளங்களும் ஃபேஸ்புக் குழுக்களும் நான்காவதாகத்தான் வரும். அங்கே விசாரிப்பவர் அதிகம், வருபவர் குறைவு. ஆனாலும் ‘நெகிரியில் டுரியான் நிலம் தேவை’ என்று தானே எழுதியிருப்பவர்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். விற்பவரின் விளம்பரத்தைவிட அந்த ஒரு வரி மதிப்புள்ளது.

எப்படிப் பேசுவது

பத்துப் பேருக்கு ஒரே செய்தியைத் தட்டிவிடுவதைவிட மூன்று பேரோடு பேசுவது மேல். முதல் உரையாடலில் நிலத்தை விற்காதீர்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். எத்தனை ஏக்கர், எந்த முக்கிம் வரை வருவார், மரம் நட்டதா வெறும் நிலமா, தார் சாலையிலிருந்து எவ்வளவு தூரம் சம்மதம், ரொக்கமா கடனா, முடிவெடுப்பது அவரா மனைவியா அண்ணனா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மூன்று தடவை நிலத்தைக் காட்டிய பிறகு ‘வீட்டில் கேட்க வேண்டும்’ என்று அவர் சொல்லும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இருபது பெயர் போதும். இரண்டாயிரம் பேர் கொண்ட பட்டியல் விற்பனைக்கு என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் பிறர் விவரங்களைச் சம்மதமின்றிக் கையாள்வதைக் கட்டுப்படுத்துகிறது. வேண்டாம் என்று எழுத்தில் சொன்னவருக்கு விளம்பரம் அனுப்புவதை நிறுத்தியாக வேண்டும். கோயில் நன்கொடைப் பதிவேட்டிலிருந்து எண்களைப் படமெடுத்து வருவதும் இதில் சேர்த்திதான். அதைக் கொடுத்த நிர்வாகக் குழு உறுப்பினருக்கும் தலைவலி.

நிலம் அமைந்த பிறகு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி (புலனம் என்று எழுதத்தான் ஆசை, தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை) ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

‘வணக்கம் அண்ணே. போன மாதம் பெர்தாங் பக்கம் நிலம் கேட்டிருந்தீர்கள். 3 ஏக்கர், விவசாயம், நிரந்தர உரிமை. மலாய் ரிசர்வ் இல்லை, ஆடாட் இல்லை, அடமானம் இல்லை. நேற்று எடுத்த சாரியான் கையில் இருக்கிறது. மண் சாலை, தார் சாலையிலிருந்து 400 மீட்டர். மழைக்காலத்தில் ஹைலக்ஸ் போகும், மைவி போகாது. பாதி வயதான ரப்பர், மீதி காலி. கேட்பது 240,000. ஞாயிறு காலை போய்ப் பார்க்கலாமா? என் ரென் எண் கீழே.’

மைவி போகாது என்பதையும் எழுதுவது முக்கியம். குறையை நீங்களே சொன்னால் மீதியை அவர் நம்புவார். அங்கே போன பிறகு அவரே கண்டுபிடித்தால் அடுத்த நிலத்துக்கு உங்கள் அழைப்பை எடுக்க மாட்டார்.

விலை நியாயமா என்று கேட்பார். பக்கத்தில் இவ்வளவுக்குப் போனது என்று வாய்ப்பேச்சில் சொல்லாதீர்கள். சொத்து மதிப்பீட்டுத் துறையான ஜேபிபிஎச் உண்மையாக நடந்த விற்பனை விவரங்களை வைத்திருக்கிறது, கட்டணம் கட்டிப் பெறலாம். அதே முக்கிமில் நடந்த இரண்டு மூன்று விற்பனைகளைக் காட்டினால் பேச்சு அரை மணி நேரத்தில் முடியும்.

பணமும் உறவும்

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் முதலில் அழைப்பது சொந்தக்காரர்களைத்தான். பணி ஓய்வு பெற்று ஊழியர் சேமநிதியை எடுத்த சித்தப்பா, தோட்டம் மூடியபோது இழப்பீடு வாங்கிய பெரியம்மா. இங்கேதான் இந்தத் தொழில் ஒரு குடும்பத்தையே சாய்க்கக்கூடிய இடம் இருக்கிறது. முப்பது வருடம் வெட்டிச் சேர்த்த பணம் அது, இரண்டாவது தடவை வராது.

அந்தப் பணத்தைக் குறிவைத்து வருவதுதான் ‘லாட் கொங்சி’. ஐந்து ஏக்கர் விவசாய நிலத்தைக் காகிதத்தில் ஐம்பது வீட்டு மனைகளாகக் கோடு போட்டு, தலைக்கு 25,000 வெள்ளி என்று விற்பார்கள். கையில் கொடுப்பது ஒரு ஒப்பந்தத் தாளும் வண்ண வரைபடமும். விவசாய நிலத்தை ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குக் கீழே, பிரித்துத் தனிக் கிராண்டு வாங்க நிலச் சட்டம் பொதுவாக இடம் தராது. வீடு கட்ட முதலில் நிலத்தின் வகையை விவசாயத்திலிருந்து கட்டடத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு மாநில அரசின் ஒப்புதல், கூடுதல் கட்டணம், சாலை, வடிகால் எல்லாம் உண்டு. ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்பது விற்பவர் சொல்லும் வசனம், அந்தப் ‘பிறகு’ எப்போது என்று யாரும் எழுதித் தருவதில்லை. இத்தகைய மனைகளுக்கு ஆள் பிடித்துத் தரச் சொல்லி, தலைக்கு 1,000 வெள்ளி என்று உங்களைக் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் கிடைக்கும் சுலபமான வருமானம் இதுதான். ஒதுங்கிவிடுங்கள்.

முன்பணத்தை எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். பதிவு பெற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ, வழக்கறிஞரின் கணக்கிலோ போகட்டும். சித்தப்பாவாக இருந்தாலும் ரசீது உண்டு. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே வழக்கறிஞர் வேண்டாம், சில நூறு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய்ப் பின்னால் யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் போகும்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் வாங்குபவரின் வழக்கறிஞர் நில அலுவலகத்தில் தனியார் காவியட் போட வேண்டும். அதே நிலத்தை இன்னொருவருக்கு விற்காமல் தடுப்பது அதுதான். ஏற்கெனவே யாரிடமாவது பணம் கொடுத்துவிட்டு, கிராண்டும் வராமல் பணமும் திரும்பாமல் இருப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த லாட்டுக்கு இன்றைய தேதியில் சாரியான் எடுப்பது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, வேறு யாருடைய காவியட் ஏற்கெனவே இருக்கிறது என்பது அதில் தெரியும். ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். காவியட் போட உங்கள் ஒப்பந்தம் தகுதியானதா என்று அவர் சொல்வார். ஏமாற்று என்று தெரிந்தால் போலீஸ் புகார் செய்யுங்கள். பதிவு பெறாத தரகர் பற்றி லெம்பாகா பெனிலாய் வாரியத்துக்கும் தனியாகப் புகார் எழுதலாம்.